டவுன்லோடு ஆகவில்லை என்றால், எந்தக் கதவில் நின்றது?

"டவுன்லோடு ஆகவில்லை" என்பது "உடம்பு சரியில்லை" என்பதைப் போன்ற வாக்கியம். கிளினிக்கில் போய் அதை மட்டும் சொன்னால் டாக்டர் விடமாட்டார். தலைவலியா, வயிற்றுவலியா, எப்போதிலிருந்து என்று துருவுவார். கணினி என்று வந்துவிட்டால் மட்டும் நாம் அந்தக் கேள்விகளைத் தாண்டி நேராக மருந்துக்குப் போய்விடுகிறோம். "நெட் ஸ்லோ", "ரவுட்டரை அணைத்துப் போடு", "அந்த வெப்சைட்டே சரியில்லை" என்று ஆளுக்கொரு வைத்தியம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் ஒருநாள் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டான்.

"மாமா, டபிள்யூகெட் வேலை செய்யல."

"என்ன எழுதி வந்துச்சு?"

"என்னமோ நிறைய வந்துச்சு மாமா. படிக்கல."

அந்த 'என்னமோ நிறைய'வை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கட்டளைகளை எல்லாம் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கருவியும் பிரவுசரும் ஒன்றல்ல

கட்டளை வரி என்பது எழுத்தால் ஆணை தட்டிக் கணினியை வேலை வாங்கும் திரை. அங்கிருந்தபடி இணையத்தில் இருக்கும் கோப்பை எடுத்துவர இரண்டு கருவிகள் பிரபலம். ஒன்று டபிள்யூகெட்; குரோஷியாவைச் சேர்ந்த ஹ்ர்வோயே நிக்ஷிச் 1996இல் வெளியிட்டது. மற்றது கர்ல், சுவீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் அந்தப் பெயரில் வெளியிட்டது. இரண்டும் இலவசம். டபிள்யூகெட் எடுத்ததைக் கோப்பாகச் சேமித்துவிடும். கர்ல் அப்படியே திரையில் கொட்டும். சேமிக்க வேண்டுமென்றால் '-ஓ' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

"பிரவுசரில் வருகிறது, இதில் வரவில்லை, ஆகவே கருவி கெட்டுவிட்டது" என்பது நான் அதிகம் கேட்கும் புகார். பிரவுசர் விவரமான அக்கா மாதிரி. ஒரு வீட்டுக்குப் போய் ஒரு பொருளை வாங்கிவரச் சொன்னால், வீடு மாறியிருந்தால் விசாரித்துப் போவாள், அடையாள அட்டையைக் காட்டுவாள், நாலு வார்த்தை பேசிக் காரியத்தை முடித்துவருவாள். கட்டளைக் கருவி சொன்னதை மட்டும் செய்யும் சின்னப் பையன். நீங்கள் சொல்லாததை அவன் செய்யமாட்டான். ஆனால் திரும்பி வந்ததும் நடந்ததை வரிசையாக ஒப்பிப்பான். அக்காவிடம் அந்த நல்ல பழக்கம் கிடையாது.

விண்டோஸில் ஒரு ஆள்மாறாட்டம் உண்டு. அதனுடன் வரும் பவர்ஷெல் 5.1 என்ற பழைய கட்டளைத் திரையில் 'டபிள்யூகெட்' என்றோ 'கர்ல்' என்றோ தட்டினால் அந்தக் கருவிகள் ஓடாது. அந்தப் பெயரை மாட்டிக்கொண்டு பவர்ஷெல்லின் சொந்தக் கட்டளை ஒன்று ஓடும். இணையத்தில் படித்த குறிப்பு எதுவும் அதற்குப் பொருந்தாது. 2018 முதல் விண்டோஸ் 10இல் உண்மையான கர்லும் சேர்ந்தே வருகிறது. அதைக் கூப்பிட 'கர்ல்.ஈஎக்ஸ்இ' என்று முழுப் பெயரைத் தட்ட வேண்டும். மேக் கணினியில் கர்ல் இருக்கும். டபிள்யூகெட்டை நாம்தான் நிறுவிக்கொள்ள வேண்டும்.

புளோக், மாடி, கதவு

சரி, பையனை அனுப்புவோம். "தோ பாயோவில் செல்வி அத்தை வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது, வாங்கிவா."

அவனிடம் இருப்பது பெயர் மட்டும். எந்த புளோக், எத்தனாவது மாடி என்று முதலில் யாரிடமாவது கேட்க வேண்டும். இணையத்தில் இந்த வேலைக்குப் பெயர் டிஎன்எஸ்: வலைத்தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைச் சொல்லும் விசாரணைக்கூடம்.

முகவரி கிடைத்ததும் புளோக்கைத் தேடிப் போய், மின்தூக்கியில் ஏறி, சரியான கதவைத் தட்டுகிறான். ஒரே புளோக்கில் பல கதவுகள் இருப்பதுபோல ஒரே கணினியிலும் எண்ணிட்ட பல கதவுகள் உண்டு. அவற்றுக்கு போர்ட் என்று பெயர். பாதுகாப்பான வலைத்தளத்துக்கு 443, பழைய வகைக்கு 80.

கதவு திறந்தால் இரும்புக் கிராதிக்கு அந்தப் பக்கம் ஒருவர். இது செல்வி அத்தை வீடுதானா? வலைத்தளம் தன் அடையாளத்தை நிரூபிக்கக் காட்டும் அட்டைக்குச் சான்றிதழ் என்று பெயர். அதைப் பார்த்துத் திருப்தியானால்தான் பையன் வாய் திறப்பான். "அந்தப் பெட்டி வேண்டும்" என்பது கோரிக்கை. அதற்கு அந்தப் பக்கம் சொல்வது ஒரு மூன்றிலக்கப் பதில் எண். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். வீட்டில் அதை வைக்க இடமும் வேண்டும்.

ஆக, இடறி விழ ஆறு இடங்கள்: பெயர் விசாரிப்பு, கதவு தட்டல், அடையாளம், பதில், சுமந்து வருதல், வீட்டில் வைத்தல். டபிள்யூகெட் இந்த வரிசையிலேயே ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டு போகிறது. எந்த வரியோடு நிற்கிறதோ, அதுவரை எல்லாம் நலம் என்று பொருள். கர்ல் இயல்பாக இவ்வளவு பேசாது. '-வி' சேர்த்தால் அதுவும் வாய் திறக்கும்.

வீடு வரை போகவே இல்லை என்றால்

பெயரைத் தீர்க்க முடியவில்லை என்று வந்தால் (கர்லில் இது 6ஆம் எண் பிழை) பையன் இன்னும் விசாரணைக்கூடத்திலேயே நிற்கிறான். வலைத்தளத்தைத் திட்டுவதில் பயனில்லை. அதை அவன் நெருங்கவே இல்லை. முகவரியில் எழுத்துப்பிழை இருக்கலாம், உங்கள் இணைப்பே இல்லாமல் இருக்கலாம். வேறொரு பெயர் தீர்கிறதா என்று பார்த்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

அடுத்த இரண்டு பிழைகளை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்பதும் 'நேரம் கடந்துவிட்டது' என்பதும் வேறு வேறு. முதலாவதில் புளோக் இருக்கிறது. அந்தக் கதவில் சேவை எதுவும் இல்லை என்று உடனே பதில் வந்துவிட்டது. பெரும்பாலும் போர்ட் எண் தவறு, அல்லது அந்தச் சேவை நின்றிருக்கிறது. இரண்டாவதில் பதிலே இல்லை. தட்டித் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது. இடையில் ஒரு பாதுகாப்புச் சுவர் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். அலுவலகத்திலோ கல்லூரியிலோ பிரவுசர் ஓடி, கட்டளைக் கருவி மட்டும் இப்படி நின்றால் பிராக்ஸியைச் சந்தேகிக்கலாம். பிராக்ஸி என்பது வெளியே போகும் எல்லாவற்றையும் தன் வழியாக அனுப்பும் இடைத்தரகர் கணினி. பிரவுசருக்கு அதன் முகவரி தெரியும். உங்கள் பையனிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

டபிள்யூகெட்டின் பொறுமையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். தரவு வராமல் நின்றுபோனால் 900 விநாடி, அதாவது கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுத்தான் அறுந்துவிட்டது என்று முடிவுகட்டும். பிறகு மொத்தம் 20 தடவை வரை முயலும். "உறைந்துபோய்விட்டது" என்று பலர் சொல்வது இந்தக் காத்திருப்பைத்தான்.

சான்றிதழ்ப் பிழை வந்தால் முதலில் உங்கள் கணினியின் தேதியைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கணினி தன்னை 2015இல் இருப்பதாக நினைத்தால் இன்றைய சான்றிதழ் எதையும் அது நம்பாது. பழைய கணினிகளில், யார் தந்த சான்றிதழை நம்பலாம் என்று சொல்லும் நம்பிக்கைப் பட்டியலே காலாவதியாகிவிடுவதும் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, பல தளங்களின் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது உலகெங்கும் பழைய கருவிகள் ஒரே நாளில் முரண்டு பிடித்தன. சான்றிதழைப் பார்க்காமலே போ என்று சொல்லும் வழி இரண்டு கருவிகளிலும் உண்டு. கேட்டால் முதலில் அதைத்தான் எல்லோரும் சொல்லித் தருவார்கள். கதவைத் திறந்தவர் யாராக இருந்தாலும் பெட்டியை வாங்கிக்கொள் என்பதற்குச் சமம் அது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் சோதனைக் கணினி என்றால் பரவாயில்லை. மென்பொருள் இறக்கும்போது நான் செய்யமாட்டேன்.

அந்தப் பக்கம் சொன்ன பதில்

பதில் எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். 2 என்றால் சரி. 3 என்றால் வீடு மாறிவிட்டோம், அங்கே போ. 4 என்றால் தவறு கேட்டவர் பக்கம். 5 என்றால் தவறு கொடுப்பவர் பக்கம்.

301, 302 வந்தால் டபிள்யூகெட் தானாகவே புது முகவரிக்குப் போகும். 20 தடவை வரை அலையும். கர்ல் போகாது. '-எல்' என்று பெரிய எழுத்தில் சொன்னால்தான் போகும். கர்லில் இறக்கிய கோப்பு வெறுமையாகவோ, 'இடம் மாறியது' என்ற இரண்டு வரியோடோ இருந்தால் பத்தில் ஒன்பது தடவை இதுதான் கதை.

404 எல்லோருக்கும் தெரியும்: கேட்ட பொருள் அங்கே இல்லை. 403 என்றால் பொருள் இருக்கலாம், உனக்குத் தரமாட்டேன் என்று அர்த்தம். நீங்கள் பிரவுசரில் உள்நுழைந்திருப்பீர்கள், பையனிடம் அந்த அனுமதிச் சீட்டு இருக்காது. அல்லது டபிள்யூகெட் என்று தன் பெயரைச் சொன்னதாலேயே மறுத்திருப்பார்கள். 429 என்றால் மிக வேகமாக, மிக அதிகமாகக் கேட்கிறாய் என்று பொருள். இதற்கு ஒரே மருந்து இடைவெளி. டபிள்யூகெட்டில் 'வெயிட்' என்ற விருப்பம் இருப்பதே ஒவ்வொரு கோரிக்கைக்கும் நடுவே மூச்சுவிடத்தான். 503 என்றால் இப்போது முடியாது, அப்புறம் வா.

இதுவரை: பெயரில் நின்றால் உங்கள் பக்கம் பாருங்கள். கதவில் நின்றால் நடுவழியைப் பாருங்கள். எண் வந்துவிட்டால் இணைப்பில் குறையில்லை. அந்த எண் சொல்வதைக் கேளுங்கள்.

200 சொல்லி ஏமாற்றினால்

என் அக்கா மகன் விஷயம் இதுதான். அவன் எடுக்கப் பார்த்தது ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் தரவுத் தொகுப்பு, 2 ஜிபிக்கு மேல். ஒரு கடையின் இலவச வைஃபையில் உட்கார்ந்து கட்டளையைத் தட்டியிருக்கிறான். இரண்டே விநாடியில் முடிந்துவிட்டது. 200, சேமிக்கப்பட்டது, எல்லாம் சுபம். ஆனால் ஜிப் கோப்பு திறக்க மறுக்கிறது. திரும்பத் திரும்ப ஏழு முறை இறக்கியிருக்கிறான். ஏழும் ஒரே அளவு: 14 கேபி.

அந்த வைஃபையில் கைப்பேசி எண் கொடுத்து உள்நுழைந்த பிறகுதான் இணையம் கிடைக்கும். அதுவரை யார் எதைக் கேட்டாலும் உள்நுழைவுப் பக்கத்தையே கையில் கொடுக்கும். அவன் தட்டியது பூட்டுப் போடாத பழைய எச்டிடிபி முகவரி. டபிள்யூகெட் கதவைத் தட்டியது, வேறு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், போனது, கிடைத்த வலைப்பக்கத்தை வாங்கி, முதலில் கேட்ட பெயரிலேயே ஜிப் என்று சேமித்தும் வைத்தது. கேட்ட பெட்டிக்குப் பதில் கடைக்காரர் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுக்க, பையன் அதைப் பெட்டி என்று நம்பி அலமாரியில் வைத்துவிட்டான். சான்றிதழ் உள்ள எச்டிடிபிஎஸ் முகவரியாக இருந்திருந்தால் அடையாளம் பார்க்கும் இடத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பிழைச் செய்தியோடு தோற்பது நல்லது. வெற்றி என்று சொல்லிக்கொண்டு தோற்பதுதான் ஆளைக் கொல்லும். ஆகவே முடிந்ததும் அளவைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் கோப்பை நோட்பேடில் திறந்து முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். ஜிப் கோப்பு பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும்; அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. பிடிஎஃப் ஒரு சதவீதக் குறியோடும் தன் பெயரோடும் தொடங்கும். அங்கே 'எச்டிஎம்எல்' என்று கண்ணில் பட்டால் உங்கள் கையில் இருப்பது வலைப்பக்கம்.

நல்ல தளங்கள் கோப்போடு ஒரு சரிபார்ப்புத் தொகையும் தரும். ஷா-256 என்ற முறையில் அது 64 குறிகள் கொண்ட நீண்ட சரம்; கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் சரம் முழுக்க மாறிப்போகும். உங்கள் கணினி கணக்கிட்டதும் தளம் சொன்னதும் ஒன்றாக இருந்தால் கோப்பு அப்பழுக்கில்லாமல் வந்திருக்கிறது.

ஒரு மேற்கோள்குறியின் விலை

இது இணையத்தின் தவறே இல்லை. ஆனாலும் புதியவர்களை அதிகம் அழவைப்பது இதுதான். முகவரிகளின் கடைசியில் கேள்விக்குறியும், 'உம்' என்ற பொருள் தரும் அந்த ஆம்பர்சாண்ட் குறியும் வரும். லினக்ஸ், மேக் திரைகளில் ஆம்பர்சாண்ட் என்றால் "இதுவரை சொன்னதைப் பின்னணியில் ஓட்டு, அடுத்து வருவது வேறு கட்டளை" என்று பொருள். ஆகவே முகவரி நடுவில் வெட்டுப்படுகிறது. பையனுக்குப் போய்ச் சேர்வது பாதி முகவரி. அந்தப் பாதிக்கு 403ஓ, வேறு பக்கமோ வரும். நீங்கள் வலைத்தளத்தைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். முகவரி முழுவதையும் ஒற்றை மேற்கோள்குறிக்குள் போட்டால் தீர்ந்தது. குறி இருக்கிறதோ இல்லையோ, எப்போதும் போடுங்கள்.

பாதியில் நின்றுபோனால்

மின்தூக்கி நடுவில் நின்றதற்காகப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. டபிள்யூகெட்டில் சிறிய எழுத்தில் '-சி' போட்டால், ஏற்கெனவே வந்த அளவைப் பார்த்து, "இத்தனாவது பைட்டிலிருந்து கொடு" என்று கேட்கும். அந்தப் பக்கம் ஒப்புக்கொண்டால் 200க்குப் பதில் 206 வரும். பகுதி மட்டும் தருகிறேன் என்று அர்த்தம். கர்லில் இதே வேலைக்குப் பெரிய எழுத்து '-சி', அதன்பின் ஓர் இடைவெளி, இன்னொரு கோடு.

'-சி' போடாமல் மறுபடி ஓட்டினால் டபிள்யூகெட் பழையதைத் தொடாமல், பெயருக்குப் பின்னால் '.1' ஒட்டிப் புதிதாகத் தொடங்கும். அக்கா மகனின் கணினியில் '.6' வரை இருந்தது. 416 என்று ஓர் எண் வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கோப்பு ஏற்கெனவே முழுதாக வந்துவிட்டது, மேற்கொண்டு கேட்க எதுவுமில்லை.

இதில் ஒரு பொறி. நேற்று பாதி, இன்று பாதி என்று எடுக்கும்போது இடையில் அவர்கள் கோப்பையே மாற்றியிருந்தால், பழையதின் தலையும் புதியதின் வாலும் ஒட்டிக்கொள்ளும். பையன் அளவை மட்டும்தான் பார்க்கிறான், உள்ளே பிரித்துப் பார்ப்பதில்லை. சரிபார்ப்புத் தொகைதான் இதைப் பிடிக்கும்.

சரியாக 4 ஜிபியில் நிற்கிறதா? இணைப்பை விடுங்கள், தம்டிரைவைப் பாருங்கள். ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் 4 ஜிபி அளவுள்ள ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது; வட்டில் 50 ஜிபி காலியாக இருந்தாலும் முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் நகலெடுத்து வையுங்கள்.

நதி பிழைக்கும், கடல் சிதையும்

தமிழ்க் கோப்புகளை இறக்குகிறவர்களுக்கு மட்டும் வரும் தலைவலி ஒன்று இருக்கிறது. இணைய முகவரியில் தமிழ் எழுத்து நேராகப் போகாது. 'அ' என்ற ஓரெழுத்து கணினிக்குள் 3 பைட். முகவரியில் அது சதவீதக் குறிகளோடு 9 குறிகளாக நீளும். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 துண்டுகள். ஆக 45 குறிகள். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு வழக்கமான வரம்பு 255 பைட். நீண்ட தமிழ்த் தலைப்பு அந்தச் சதவீத வடிவிலேயே சேமிக்கப்பட்டால் 28 துண்டுகளிலேயே இடம் தீர்ந்து, 'பெயர் மிக நீளம்' என்று பிழை வரும். '-ஓ' கொடுத்து நாமே ஒரு குட்டிப் பெயர் வைப்பது சுலபம் (டபிள்யூகெட்டில் இதைப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்).

இன்னொன்று வேடிக்கையானது. லினக்ஸ், மேக் கணினிகளில் டபிள்யூகெட், 128 முதல் 159 வரை மதிப்புள்ள பைட்டுகளை ஆபத்தான கட்டுப்பாட்டுக் குறிகள் என்று நினைத்துக் கோப்புப் பெயரில் மாற்றி எழுதும். பழைய ஐரோப்பிய எழுத்துமுறைகளின் காலத்துப் பயம் அது. தமிழில் உயிரெழுத்துகள், க, ச, ட, புள்ளி ஆகியவற்றின் கடைசி பைட் அந்த எல்லைக்குள் விழுகிறது. ந, த, ம, ர, இகரக் கொக்கி ஆகியவை தப்பிவிடுகின்றன. ஆகவே 'நதி' என்ற கோப்பு அப்படியே வரும். 'கடல்' என்ற கோப்பில் க, ட, புள்ளி மூன்றும் உடைந்து கேள்விக்குறிகளாக நிற்கும். உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. 'ரெஸ்ட்ரிக்ட் ஃபைல் நேம்ஸ்' என்ற விருப்பத்துக்கு 'நோகன்ட்ரோல்' என்ற மதிப்பைக் கொடுத்தால் இந்தத் திருத்தம் நின்றுவிடும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேகம் பற்றிக் கொஞ்சம்

சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு வரும் 1 ஜிபிபிஎஸ் இணைப்பின் அளவு பிட்டில். டபிள்யூகெட் காட்டுவது பைட்டில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆக உச்சமே விநாடிக்கு 125 எம்பிதான். அதுவும் உங்கள் வாசல் வரைக்குமான அகலம். கோப்பு அமெரிக்க மேற்குக் கரையில் இருந்தால் நடுவே சுமார் 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால், ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பவே குறைந்தது 0.14 விநாடி. மேலே சொன்ன கதவு தட்டல், அடையாளம் பார்த்தல் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு நடை உண்டு. பெரிய கோப்பு ஒன்றுக்கு இது தெரியாது. ஆயிரம் சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தால் நன்றாகவே தெரியும். லினக்ஸ் போன்றவற்றுக்கு ஒரே கோப்பின் நகல்களைப் பல நாடுகளில் வைத்திருப்பார்கள்; பட்டியலில் சிங்கப்பூர் நகல் இருந்தால் அதையே எடுங்கள்.

யாரிடமாவது உதவி கேட்க நேர்ந்தால் மூன்றை அனுப்புங்கள்: தட்டிய கட்டளை அப்படியே, அது எழுதிய கடைசிப் பத்து வரிகள், வந்த கோப்பின் அளவு. கட்டளையில் கடவுச்சொல்லோ நீண்ட அனுமதிக் குறியீடோ இருந்தால் அதை மட்டும் மறைத்துவிடுங்கள். அக்கா மகன் இப்போதெல்லாம் பத்து வரியை ஒட்டி அனுப்புகிறான். போன வாரம் அனுப்பியதில், நான் திறந்து பார்ப்பதற்குள் இன்னொரு செய்தி வந்திருந்தது: "மாமா, பார்க்க வேண்டாம். மேற்கோள்குறி போட மறந்துட்டேன்."